ஜனாதிபதி கையெழுத்து போடலைன்னா என்ன ஆகும்? சங்கரன்கோவில் எம்.எல்.ஏ. ஓட்டு முதல் நீட் மசோதா வரை: முழு விளக்கம்

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் தனித் தொகுதி மக்கள் குடியரசுத் தலைவர் தேர்தலில் நேரடியாக வாக்களிக்க முடியாது. ஆனால் அவர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பும் எம்.எல்.ஏ. வாக்களிப்பார். அந்த ஒரு ஓட்டின் மதிப்பு 176.

அப்படித் தேர்வாகும் குடியரசுத் தலைவர், அதே எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் கைதூக்கி நிறைவேற்றிய மசோதாவை 'வேண்டாம்' என்று சொல்ல முடியுமா? முடியும். காரணம் சொல்லாமல்? அதுவும் நடந்திருக்கிறது. வருடக்கணக்கில் பதிலே சொல்லாமல் வைத்திருக்க முடியுமா? இந்தக் கேள்விதான் 2025-ல் உச்ச நீதிமன்றத்தில் இரண்டு முறை விவாதிக்கப்பட்டது. இரண்டு முறையும் வந்த பதில் வேறு வேறு.

குடியரசுத் தலைவருக்கு உண்மையில் என்ன அதிகாரம் இருக்கிறது? முடிவை எடுப்பது அவரா, பிரதமரா? தமிழ்நாட்டை இது எப்படிப் பாதிக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

176 என்ற கணக்கு எப்படி வந்தது?

ஒரு மாநிலத்தின் மக்கள்தொகையை எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையால் வகுத்து, வரும் எண்ணை மீண்டும் 1,000-ஆல் வகுக்க வேண்டும். தமிழ்நாட்டின் 1971 மக்கள்தொகை 4,11,99,168. எம்.எல்.ஏ.க்கள் 234 பேர். வகுத்தால் ஓர் ஓட்டுக்கு 176. மொத்தம் 41,184.

ஏன் 1971 கணக்கு? மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் அதனாலேயே செல்வாக்கை இழந்துவிடக் கூடாது என்பதற்காக இந்த எண்ணை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விவரங்கள் வெளியாகும் வரை இதுதான் நிலை. உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ.வின் ஓட்டுக்கு மதிப்பு 208. சிக்கிம் எம்.எல்.ஏ.வுக்கு வெறும் 7.

எம்.பி.க்களுக்கும் ஓட்டு உண்டு. 2022 தேர்தலில் ஒரு எம்.பி. ஓட்டின் மதிப்பு 700. நியமன எம்.பி.க்களுக்கு ஓட்டு கிடையாது. இது ரகசிய வாக்கெடுப்பு. 'இவருக்குத்தான் போடணும்' என்று கட்சிக் கொறடா உத்தரவிட முடியாது.

ஒரு தொகுதி காலியாக இருந்தால்? தேர்தல் நிற்காது, அந்தத் தொகுதியின் குரல் மட்டும் இருக்காது. அமைச்சராக இருந்த சி.கருப்பசாமியின் மறைவை அடுத்து, 2012 மார்ச் 18-ல் சங்கரன்கோவிலில் இடைத்தேர்தல் நடந்தது. நான்கு மாதம் கழித்து, ஜூலை 19-ல் பிரணாப் முகர்ஜியும் பி.ஏ.சங்மாவும் மோதிய குடியரசுத் தலைவர் தேர்தல். இடைத்தேர்தல் தள்ளிப் போயிருந்தால் சங்கரன்கோவிலின் 176 அந்தக் கணக்கில் சேர்ந்திருக்காது.

பேர் ஒருத்தருக்கு, முடிவு இன்னொருத்தருக்கு

அரசியல் சாசனத்தின் 53-வது பிரிவைப் படித்தால் தலை சுற்றும். ஒன்றியத்தின் நிர்வாக அதிகாரம் முழுவதும் குடியரசுத் தலைவரிடம் என்கிறது. முப்படைகளுக்கும் அவரே தலைவர். பிரதமரை நியமிப்பது, நீதிபதிகளை நியமிப்பது, ஆளுநர்களை நியமிப்பது எல்லாம் அவர் பெயரில்தான்.

அடுத்து 74-வது பிரிவைப் படிக்க வேண்டும். பிரதமர் தலைமையிலான அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் அவர் செயல்பட வேண்டும். ஆரம்பத்தில் இது மரபாக இருந்தது. 1974-ல் ஷம்ஷேர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. 1976-ல் 42-வது திருத்தம் இதைக் கட்டாயம் என்று எழுத்திலேயே சேர்த்தது. 1978-ல் 44-வது திருத்தம் ஒரு சின்ன இடைவெளி கொடுத்தது: 'இதை மறுபடி யோசியுங்கள்' என்று அமைச்சரவையிடம் ஒருமுறை திருப்பி அனுப்பலாம். அமைச்சரவை அதையே திரும்ப அனுப்பினால் ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும்.

ஆக, 'குடியரசுத் தலைவர் உத்தரவிட்டார்' என்று செய்தியில் வந்தால், பெரும்பாலான நேரங்களில் அதன் அர்த்தம் 'மத்திய அமைச்சரவை முடிவு செய்தது' என்பதுதான்.

இங்கே ஒரு சொல் குழப்பமும் இருக்கிறது. நாம் பேச்சு வழக்கில் 'ஜனாதிபதி' என்கிறோம். இலங்கைச் செய்திகளிலும் அதே 'ஜனாதிபதி'தான். ஆனால் இரண்டும் வேறு வேறு பதவிகள். 1978 அரசியலமைப்புப்படி இலங்கை ஜனாதிபதி மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர், அமைச்சரவையின் தலைவரும் அவரே. அவருக்கும் எல்லை உண்டு. 2018 நவம்பரில் மைத்திரிபால சிறிசேன நாடாளுமன்றத்தைக் கலைத்தபோது, இரா.சம்பந்தன் உள்ளிட்டோர் வழக்குத் தொடர்ந்தனர். அந்தக் கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என்று டிசம்பர் 13-ல் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொழும்பில் சொந்தமாக முடிவெடுக்கும் ஜனாதிபதி. டெல்லியில் அமைச்சரவை சொல்வதைச் செய்யும் ஜனாதிபதி.

அப்போ வெறும் ரப்பர் ஸ்டாம்ப்தானா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. அவரது சொந்த முடிவுக்கு இடம் இருக்கும் சந்தர்ப்பங்கள் சில உண்டு.

முதலாவது, யாருக்கும் பெரும்பான்மை இல்லாதபோது பிரதமராக யாரை அழைப்பது என்பது. 1996-ல் சங்கர் தயாள் சர்மா, தனிப்பெரும் கட்சியின் தலைவர் என்ற முறையில் வாஜ்பாயை அழைத்தார். அந்த அரசு 13 நாளில் விழுந்தது. 1998-ல் கே.ஆர்.நாராயணன் வேறு வழியைக் கையாண்டார். ஆதரவுக் கடிதங்களைக் காட்டுங்கள் என்றார். 1999-ல் ஜெயலலிதா தலைமையிலான அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டதும், பெரும்பான்மையை நிரூபிக்கும்படி வாஜ்பாயிடம் சொன்னார். ஏப்ரல் 17-ல் ஒரே ஒரு ஓட்டில் அரசு கவிழ்ந்தது.

இரண்டாவது, திருப்பி அனுப்புவது. ராமேஸ்வரத்துக்காரரான அப்துல் கலாம், ஆதாயம் தரும் பதவி தொடர்பான மசோதாவை 2006 மே மாதம் நாடாளுமன்றத்துக்குத் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் அதையே மீண்டும் நிறைவேற்றியது. 111-வது பிரிவுப்படி இரண்டாவது முறை மறுக்க முடியாது. ஆகஸ்டில் கையெழுத்திட்டார்.

மூன்றாவது, கிடப்பில் போடுவது. 1986-ல் ராஜீவ் காந்தி அரசு கொண்டுவந்த அஞ்சல் சட்டத் திருத்த மசோதா, கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு வழி கொடுத்தது. கியானி ஜெயில் சிங் அதில் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. எத்தனை நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று சாசனம் சொல்லாததால் இது சாத்தியமானது. அந்த மசோதா கடைசிவரை சட்டமாகவே இல்லை.

இந்த மூன்றாவது ஆயுதம் அன்று குடிமக்களின் அந்தரங்கத்தைக் காப்பாற்றியது என்று பலர் பாராட்டினார்கள். ஆனால் அதே 'காலக்கெடு இல்லை' என்பது மாநில மசோதாக்களுக்கு வரும்போது கதை மாறுகிறது.

மாநில மசோதாவுக்கு ஏன் தனி விதி?

சட்டமன்றம் நிறைவேற்றும் மசோதா முதலில் ஆளுநரிடம் போகும். அவர் ஒப்புதல் தரலாம், சட்டமன்றத்துக்குத் திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கி வைக்கலாம். மத்திய சட்டத்தோடு மோதும் மசோதாக்கள் வழக்கமாக மூன்றாவது வழியில் போகும்.

அங்கே போன பிறகு 201-வது பிரிவு. குடியரசுத் தலைவர் ஒப்புதல் தரலாம், மறுக்கலாம், சட்டமன்றத்துக்குத் திருப்பி அனுப்பும்படி ஆளுநரிடம் சொல்லலாம். அப்படித் திரும்பி வந்தால் சட்டமன்றம் 6 மாதத்துக்குள் பரிசீலிக்க வேண்டும். சட்டமன்றத்துக்குக் காலக்கெடு உண்டு, குடியரசுத் தலைவருக்கு இல்லை.

இன்னொரு முக்கிய வித்தியாசம்: நாடாளுமன்றம் ஒரு மசோதாவை இரண்டாவது முறை அனுப்பினால் அவர் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். சட்டமன்றம் இரண்டாவது முறை அனுப்பினாலும் அந்தக் கட்டாயம் இல்லை. இங்கும் அவர் மத்திய அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் முடிவெடுக்கிறார். சென்னையில் நிறைவேறிய சட்டத்தின் தலைவிதியை டெல்லி அமைச்சரவை தீர்மானிக்கும் வழி இது.

ஒன்றுக்கு 8 நாள், இன்னொன்றுக்கு மூன்றரை வருடம்

இரண்டு உதாரணங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும்.

2017 ஜனவரி. ஜல்லிக்கட்டுக்காக மெரினாவிலும் மாநிலம் முழுவதும் இளைஞர்கள் திரண்டார்கள். ஜனவரி 23-ல் சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. மத்திய அரசின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தில் கைவைக்கும் மசோதா அது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவை. ஜனவரி 31-ல் ஒப்புதல் வந்துவிட்டது. 8 நாள்.

அடுத்தது நீட். 2017 பிப்ரவரியில் விலக்கு கேட்டு நிறைவேற்றிய மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி ஏ.கே.ராஜன் குழுவின் அறிக்கைக்குப் பிறகு, 2021 செப்டம்பர் 13-ல் புதிய மசோதா நிறைவேறியது. 2022 பிப்ரவரியில் ஆளுநர் திருப்பி அனுப்பினார். ஒரே வாரத்தில், பிப்ரவரி 8-ல், சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது. பிறகு அது குடியரசுத் தலைவருக்குப் போனது. ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரல் 4-ல் முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். மொத்தம் மூன்றரை வருடத்துக்கும் மேல்.

இந்தக் காலத்தை ஒரு மாணவியின் கணக்கில் பாருங்கள். 2021 செப்டம்பரில் சங்கரன்கோவில் பகுதியில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படித்தவர், 2025 மார்ச்சில் பிளஸ் டூ பொதுத்தேர்வை முடித்திருப்பார். டாக்டர் கனவு இருந்திருந்தால் மே 4-ல் நடக்க இருந்த நீட் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டு இருந்திருப்பார். 'பிளஸ் டூ மார்க் போதுமா, கோச்சிங் போகணுமா' என்று அவர் வீட்டில் முடிவெடுக்க வேண்டிய நான்கு கல்வியாண்டும் மசோதா நிலுவையில்தான் இருந்தது. பதில் வந்தபோது அவர் பள்ளிப்படிப்பே முடிந்துவிட்டது.

நீட் வேண்டும், வேண்டாம் என்பதில் இருதரப்புக்கும் வாதம் உண்டு. ஆனால் 'முடியாது' என்ற பதிலை 2021-லேயே சொல்லியிருந்தால் அந்தக் குடும்பம் அதற்கேற்ப திட்டமிட்டிருக்கும். தாமதத்தின் விலை இதுதான்.

இரண்டு மசோதாவுக்கும் நடைமுறை ஒன்றே, கையெழுத்து போடும் பதவியும் ஒன்றே. மாறியது மத்திய அரசின் நிலைப்பாடு.

2025 ஏப்ரல் 8: 'மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்லுங்கள்'

நீட் அறிவிப்பு வந்த நான்காவது நாள் உச்ச நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கில் தீர்ப்பு வந்தது.

தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய 10 மசோதாக்களுக்கு ஆளுநர் ஆர்.என்.ரவி 2023 நவம்பரில் ஒப்புதலை நிறுத்தினார். நவம்பர் 18-ல் சிறப்புக் கூட்டம் நடத்தி அனைத்தையும் மீண்டும் நிறைவேற்றியது சட்டமன்றம். பத்து நாளில் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார் ஆளுநர். அங்கே ஒன்றுக்கு ஒப்புதல் கிடைத்தது, ஏழு நிராகரிக்கப்பட்டன, இரண்டுக்கு முடிவு வரவில்லை.

நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு, சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றிய பிறகு ஆளுநர் இப்படி ஒதுக்கி வைத்ததே தவறு என்றது. தனது சிறப்பு அதிகாரமான 142-வது பிரிவைப் பயன்படுத்தி, 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று அறிவித்தது. ஆளுநருக்குக் காலக்கெடு விதித்தது. குடியரசுத் தலைவரும் 3 மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும், தாமதமானால் காரணத்தை மாநிலத்துக்குச் சொல்ல வேண்டும் என்றது. ஏப்ரல் 11-ல் அந்த 10 சட்டங்களும் அரசிதழில் வெளியாகின.

பெரும்பாலானவை பல்கலைக்கழகங்கள் தொடர்பானவை. துணைவேந்தரை நியமிப்பது ஆளுநரா, மாநில அரசா என்பதுதான் மையப் பிரச்சினை. சங்கரன்கோவில் வட்டாரக் கல்லூரிகளுக்குத் தாய்ப் பல்கலைக்கழகமான நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் போன்ற மாநிலப் பல்கலைக்கழகங்களை நேரடியாகத் தொடும் விஷயம் இது. துணைவேந்தர் நியமன அதிகாரத்தை மாற்றும் பிரிவுகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே 21-ல் இடைக்காலத் தடை விதித்தது.

2025 நவம்பர் 20: 'காலக்கெடு விதிக்க முடியாது'

ஏப்ரல் தீர்ப்பு வந்த ஐந்தாவது வாரம், மே 13-ல், குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு 143-வது பிரிவைப் பயன்படுத்தி உச்ச நீதிமன்றத்திடம் 14 கேள்விகளை எழுப்பினார். சாசனத்தில் இல்லாத காலக்கெடுவை நீதிமன்றம் விதிக்க முடியுமா என்பது அவற்றின் சாரம்.

தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு நவம்பர் 20-ல் கருத்து சொன்னது. சுருக்கமாக:

• ஆளுநருக்கோ குடியரசுத் தலைவருக்கோ நீதிமன்றம் காலக்கெடு நிர்ணயிக்க முடியாது.

• 'ஒப்புதல் கிடைத்ததாகக் கருதுவோம்' என்ற முறைக்குச் சாசனத்தில் இடமில்லை.

• ஆளுநர் ஒப்புதலை நிறுத்தினால் சட்டமன்றத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். திருப்பியும் அனுப்பாமல் முடக்க முடியாது.

• காரணமே சொல்லாமல் நீண்ட காலம் கிடப்பில் போட்டால், 'முடிவெடுங்கள்' என்று மட்டும் நீதிமன்றம் சொல்லலாம். என்ன முடிவு என்று சொல்லாது.

இது மேல்முறையீடு அல்ல, ஆலோசனைக் கருத்து. எனவே ஏப்ரல் தீர்ப்பை இது நேரடியாக ரத்து செய்யவில்லை. ஆனால் இனி இதேபோல வழக்குகள் வந்தால் ஐந்து நீதிபதிகள் சொன்ன கருத்துக்குத்தான் எடை அதிகம்.

சரி, 'நீண்ட காலம்' என்றால் எவ்வளவு? 6 மாதமா, 2 வருடமா? அதற்குப் பதில் இல்லை. ஒவ்வொரு முறையும் மாநில அரசு வழக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆட்சிக் கலைப்பு: தமிழ்நாடு பார்த்த 356

குடியரசுத் தலைவரின் பெயரால் நடப்பதிலேயே கடுமையானது மாநில ஆட்சியைக் கலைப்பது. தமிழ்நாடு 1976, 1980, 1988, 1991 என நான்கு முறை அதைப் பார்த்திருக்கிறது.

இதில் 1991 தனிக்கதை. கருணாநிதி அரசைக் கலைக்கப் பரிந்துரைக்கும் அறிக்கையைத் தர ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா மறுத்தார். சந்திரசேகர் அரசு நிற்கவில்லை. ஆளுநரின் அறிக்கை மூலமாகவோ 'அல்லது வேறு வகையிலோ' திருப்தி அடைந்தால் போதும் என்று 356-வது பிரிவில் ஒரு சொற்றொடர் இருக்கிறது. அதை வைத்து ஜனவரி 30-ல் ஆட்சி கலைக்கப்பட்டது. கையெழுத்திட்ட குடியரசுத் தலைவர் ஆர்.வெங்கட்ராமன், தமிழ்நாட்டுக்காரர்.

மறுபக்கமும் உண்டு. 1997-ல் உத்தரப் பிரதேசம், 1998-ல் பீகார் அரசுகளைக் கலைக்கும் பரிந்துரைகளை கே.ஆர்.நாராயணன் திருப்பி அனுப்பினார். இடையில் நடந்தது 1994-ன் எஸ்.ஆர்.பொம்மை தீர்ப்பு. பெரும்பான்மையைச் சோதிக்க வேண்டிய இடம் சட்டமன்றம்தான், கலைப்பு உத்தரவை நீதிமன்றம் ஆராயலாம் என்றது ஒன்பது நீதிபதிகள் அமர்வு. அதன் பிறகு தமிழ்நாட்டில் 356 பயன்படுத்தப்படவில்லை.

கருணை மனு: ஒரு கோப்பு அலைந்த கதை

தூக்குத் தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் 72-வது பிரிவின் கீழ் குடியரசுத் தலைவருக்கும், 161-வது பிரிவின் கீழ் ஆளுநருக்கும் இருக்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளன், முருகன், சாந்தன் ஆகியோரின் மனுக்கள் 11 வருடம் நிலுவையில் இருந்து 2011-ல் நிராகரிக்கப்பட்டன. அந்தத் தாமதத்தையே காரணமாக வைத்து 2014 பிப்ரவரி 18-ல் உச்ச நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தது.

2018 செப்டம்பரில் விடுதலைக்குப் பரிந்துரைத்தது தமிழ்நாடு அமைச்சரவை. இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த ஆளுநர், கோப்பைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2022 மே 18-ல் பேரறிவாளனை விடுதலை செய்த உச்ச நீதிமன்றம், மாநில அமைச்சரவையின் முடிவு ஆளுநரைக் கட்டுப்படுத்தும், அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்ப வேண்டிய தேவையே இல்லை என்றது. ஒரு முடிவைத் தள்ளிப்போட ஜனாதிபதி மாளிகை எப்படிப் பயன்படுகிறது என்பதற்கு இது உதாரணம்.

அவரைப் பதவியில் இருந்து நீக்க முடியுமா?

முடியும். சாசனத்தை மீறினார் என்று 61-வது பிரிவின் கீழ் குற்றம் சாட்டி, இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு நீக்கலாம். இதுவரை யாரும் அப்படி நீக்கப்பட்டதில்லை. தேர்ந்தெடுப்பதில் பங்குள்ள எம்.எல்.ஏ.க்களுக்கு நீக்குவதில் பங்கு இல்லை என்பது கவனிக்க வேண்டியது.

அடுத்து என்ன?

2022 ஜூலை 25-ல் பதவியேற்ற முர்முவின் ஐந்தாண்டுக் காலம் 2027 ஜூலையில் முடிகிறது. அதற்குள் அடுத்த தேர்தல் நடக்க வேண்டும். அப்போது சங்கரன்கோவிலின் சட்டமன்ற உறுப்பினராக இருப்பவர் சென்னையில் வாக்களிப்பார்.

மாநில மசோதாக்களுக்குக் காலக்கெடு வேண்டும் என்றால் இனி அதைச் செய்யக்கூடியது நாடாளுமன்றம்தான், அரசியல் சாசனத் திருத்தம் மூலமாக. அதனால் இதில் எம்.பி.யிடம் கேட்க வேண்டிய கேள்வியும் இருக்கிறது: 200, 201-வது பிரிவுகளில் 'இத்தனை மாதத்துக்குள்' என்று ஒரு வரி சேர்ப்பதை உங்கள் கட்சி ஆதரிக்கிறதா?